பேர் இல்லாத காம்பிரா

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நலன்புரி உத்தியோகத்தர்களான நீங்கள் ஏழு பேரும், அறிக்கை எழுதுவது எப்படி என்று ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கம் போதும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது. அடங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதீர்கள்.

தேயிலைத் தோட்டங்களில் இதே உத்தியோகத்தில் நான் வேலை பார்த்தது முப்பத்தோரு வருடம் நான்கு மாதம். எழுதிய அறிக்கைகள் ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பியில் இலக்கம் போட்டு வைத்திருக்கிறேன். மகனுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. ஹட்டனில் அவன் வீட்டு மாடியில் இருக்கிறேன். மழை பிடித்தால் இப்போதும் எழுந்து ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்க்கிறேன். பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

மாதிரிக்கு என்று நீங்கள் அனுப்பிய ஆறு அறிக்கைகளையும் படித்தேன். கணினியில் எழுதியதால் எழுத்து அழகாக இருக்கிறது. படங்களும் இருக்கின்றன, ஆனால் யார் எங்கே நின்று எடுத்த படம் என்று ஒன்றின் கீழும் இல்லை. ‘எடுக்கப்பட்டது’, ‘அவதானிக்கப்பட்டது’, ‘அறிவுறுத்தப்பட்டது’ என்பவை ஆறு அறிக்கைகளிலும் சேர்த்து நாற்பத்து மூன்று இடங்களில் வருகின்றன. ‘நான்’ ஓர் இடத்தில்கூட இல்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் பிள்ளைக் காம்பிராவின் கூரை ஒழுக ஆரம்பித்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. புதிய தகரம் வேண்டும் என்று தோட்டத்து நிர்வாகியான துரைக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். முன்னுரை, பின்னணி, குழந்தைகளின் தொகை, மழைவீழ்ச்சி, எல்லாம் எழுதினேன். துரை அருமையான அறிக்கை என்று பாராட்டினார். மூன்று மாதமாகியும் தகரம் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த மிஸ்தான் காரணத்தைச் சொன்னார்.

“தகரம் ஒம்பதாம் பக்கத்துல இருக்கு சார். தொரை மூணாம் பக்கத்துலயே தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாரு.”

அன்றிலிருந்து என்ன வேண்டும் என்பதை முதல் பந்தியின் முதல் வரியில் எழுதப் பழகினேன். நீங்களும் பழகுங்கள். படிப்பவர் முதல் வரியோடு எழுந்து போனாலும் தகரம் வர வேண்டும்.

இந்த மிஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிக்கோயாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இருபத்தெட்டு வருடம் எனக்கு எதிர் மேசை. தட்டச்சுச் செய்யும்போது வாய்க்குள் வாசித்துக்கொண்டே செய்வார். சரியில்லாத இடம் வந்தால் விரல்கள் நின்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஏதாவது ஒன்று கேட்பார். அந்தச் சத்தம் நிற்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். இப்போது பென்ஷன் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினால்கூட, எழுதி முடித்து, எதிரே யாராவது நிறுத்துவார்களா என்று காத்திருக்கிறேன். கீழ்வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது, அவ்வளவுதான்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். உங்களில் நான்கு பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள், மூன்று பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மூவருக்காக ஒரு சொல்லை விளக்குகிறேன். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒருவருடைய பெயர் மட்டுமல்ல. பதிவுப் புத்தகத்தில் ஒரு நாள் வேலையைக் குறிப்பதைப் ‘பேர் போடுவது’ என்பார்கள். அரை நாள் வேலை செய்தால் அரைப்பேர். ஓய்வு பெற்றவர்களுக்குப் பேர் இல்லை. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனவர்களுக்குப் பேர் இல்லை. லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு உள்ள காம்பிராவில் எட்டுப் பேர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாலும், ஒருவரும் தோட்ட வேலையில் இல்லாவிட்டால் பதிவு கிளாக்கர் அதைப் ‘பேர் இல்லாத காம்பிரா’ என்றுதான் எழுதுவார். இது பால்குடிக் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்பு, நோர்வூட் பக்கத்தில் நான் இருந்த தோட்டத்தில் பதினொரு நாள் விடாமல் மழை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஐந்தாம் இலக்க லயத்தின் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு. ஏழு மணிக்கு ஒரு விரல் அகலம் என்றார்கள், நண்பகலில் ஓர் உள்ளங்கை. அன்று மாலையே எல்லோரையும் பிள்ளைக் காம்பிராவுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தாகிவிட்டது. அறிக்கை மட்டும்தான் மிச்சம். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது துரை கூப்பிட்டார். பிரதேச செயலகத்து வாகனம் மூன்று மணிக்குப் புறப்படும், அறிக்கை அதில் போக வேண்டும் என்றார். அதில் இணைக்கும் பட்டியலை வைத்துத்தான் பிறகு மாற்று வீடு கொடுப்பார்கள், கவனமாக எழுதுங்கள் என்றும் சொன்னார். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பதிவு கிளாக்கரிடம் லயத்தின் விவரம் கேட்டேன். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். பன்னிரண்டு காம்பிரா. பதினொன்றுக்கு எதிரே குடும்பத் தலைவரின் பெயரும் ஆட்தொகையும். கடைசிக் காம்பிராவுக்கு எதிரே ‘பேர் இல்லை’.

அரசாங்கத்துக்குப் போகிற அறிக்கையில் தோட்டத்துப் பேச்சை எழுதக்கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை. காம்பிராவை அறை என்று எழுதுவேன். லயத்தைத் தொடர்மனை என்று எழுதுவேன். அந்தப் பழக்கத்திலேயே, கை நிற்காமல், ‘பேர் இல்லை’ என்பதை நல்ல தமிழாக்கினேன். ‘ஆளற்ற அறை: 1.’

மிஸ் வாசித்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் சத்தம் நின்றது.

“அஞ்சாம் லயத்துல எந்தக் காம்பிரா சார் சும்மா கெடக்கு?”

கடைசிக் காம்பிரா, கிளாக்கரின் துண்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“கூட்டிப் பாருங்க மிஸ். பதினொண்ணும் ஒண்ணும் பன்னெண்டு. சரியா வருதுல்ல?”

அவர் திரையை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு அடித்தார்.

கூட்டல் சரியாக வந்தது. அதில் இன்றைக்கும் பிழை இல்லை. என்னைப் போல எண்ணிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதுதான் ஆபத்து. கணக்கு சரியாக முடிந்துவிட்டால், அதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றாது.

அப்போது மணி இரண்டு பத்து. அலுவலகத்திலிருந்து ஐந்தாம் லயத்துக்கு இருநூற்றுப் பதினான்கு படி. ஏற ஒன்பது நிமிடம், இறங்க ஆறு. மழைக்கு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணிக்கு மேசைக்குத் திரும்பியிருப்பேன். அன்று வாகனம் மூன்று மணிக்குப் புறப்படவும் இல்லை. சாரதி சாப்பிடப் போய்விட்டார், மூன்று இருபத்தைந்துக்குத்தான் போனார்கள். ஆக எனக்கு எழுபத்தைந்து நிமிடம் இருந்தது. என் வாழ்க்கையில் எனக்குத் திரும்ப வேண்டும் என்று நினைப்பவை அதிகமில்லை. மனைவி இருந்த காலம் திரும்ப வேண்டும். அடுத்தபடியாக இந்த எழுபத்தைந்து நிமிடம். இதில் இருபது நிமிடம் கொடுத்தால்கூடப் போதும். குடையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவேன். மனதுக்குள் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். கடைசிக் காம்பிராவின் கதவு திறந்திருக்கிறது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ராமாயி துணிமணிகளைப் படுக்கை விரிப்பில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். “மேல வாங்கய்யா, நனையிறீங்க” என்கிறார்.

ராமாயி முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் தலவாக்கலைக்குப் போன பிறகு தனியாக இருந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். ஓய்வுக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். லயத்தின் பின்னால் லீக்ஸ் போட்டிருந்தார். மிஸ்ஸுக்கு ஒரு கட்டு கொண்டுவருவார், எனக்கும் ஒரு கட்டு. எந்தக் காம்பிராவில் இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும். அவரை எனக்கு முன்பின் தெரியாது என்றாலாவது ஒரு மன்னிப்பு இருந்திருக்கும். தெரிந்ததை எழுதாமல், துண்டில் இருந்ததை எழுதினேன்.

மாலையில் பன்னிரண்டு காம்பிரா ஆட்களும் இறங்கி வந்தார்கள். ராமாயியும் வந்து, எல்லோருடனும் சேர்ந்து சமைத்தார். மூன்றாம் நாள் பகலில் மண் இறங்கி நான்கு காம்பிராவை மூடியது. கடைசிக் காம்பிரா அதில் ஒன்று. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிரதேச செயலகத்திலிருந்து எனக்கு நன்றிக் கடிதம் வந்தது. கொப்பியில் அந்த அறிக்கையின் இலக்கத்துக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போட்டேன். அது இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து வீட்டுப் பட்டியலை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டினார்கள். பதினொரு பெயர். அன்று பத்து மணிக்கு ராமாயி அலுவலக வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பட்டியலில் தன் பெயர் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். மேலிடத்தில் யாரோ விட்டிருப்பார்கள், விசாரிக்கிறேன் என்றேன். அப்படித்தான் நம்பினேன். அவர் ஏற்கெனவே பிரதேச செயலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

“முப்பத்தெட்டு வருசம் பேரு போட்டாங்கய்யா. இப்ப நான் ஆளே இல்லையாம். கடதாசியில அப்படித்தான் இருக்காம்.”

நான் கோப்பை எடுத்தேன். தட்டச்சுப் பிரதியும் அதன் பின்னால் என் கையெழுத்துப் பிரதியும் இருந்தன. ‘ஆளற்ற அறை.’ ராமாயி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். “நீங்க என்ன செய்வீங்கய்யா, மழ நாளு” என்றார். அவர் என்னை ஏசியிருக்கலாம். தோட்டத்துப் பெண்கள் ஏச ஆரம்பித்தால் துரைமாரே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒரு வார்த்தை அவர் என்னை ஏசவில்லை. அந்த ஏச்சுக்காக இத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன் என்றால் உங்களுக்கு விளங்குமோ தெரியவில்லை.

திருத்தக் கடிதம் எழுதினேன். இப்படி: ‘மேற்படி அறிக்கையில் ஓர் அறை தொடர்பாகத் தவறொன்று நேர்ந்துள்ளமை அவதானிக்கப்பட்டுள்ளது.’ மிஸ் வாசித்தார். சத்தம் நின்றது.

“இத ராமாயி அக்காகிட்ட வாசிச்சுக் காட்டலாமா சார்?”

எதற்கு என்றேன்.

“இல்ல, அவங்களுக்கு வீடு வேணும்ங்கிறது இதுல எங்க இருக்குன்னு அவங்களுக்கே வெளங்குமான்னு பாக்கத்தான்.”

அந்தக் கடதாசியைக் கிழித்தேன். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்கு முன்னால் வாசிக்கக் கூசுகிற வாக்கியம் எதுவும் அறிக்கையில் இருக்கக்கூடாது. இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே இலக்கணம் இது. கற்றுத் தந்தவர் இலக்கணம் படித்தவரில்லை.

துரை வேறு வழி சொன்னார். அவர் கெட்டவரில்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். தட்டச்சுப் பிழை என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் யாருக்கும் வில்லங்கமில்லை, விசாரணை வராது என்றார். குழும அலுவலகத்துக்கு எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்த சமயம் அது. தட்டச்சுப் பிழை என்றால் யாருடைய பிழை என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, அலுவலகத்தில் தட்டச்சுச் செய்பவர் ஒருவர்தான்.

மிஸ்ஸிடம் சொன்னேன். தலையைத் தூக்காமல், “போடுங்க சார், எனக்கு என்ன வரப்போகுது” என்றார். கோபமில்லை, கேலியுமில்லை. அதற்குப் பிறகும் ஒரு முழு நாள் யோசித்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ‘தட்டச்சின்போது’ என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதியும் பார்த்தேன். அந்த வரியை எதிர் மேசைக்கு நீட்டினால் அவர் வாசிப்பார், இந்தத் தடவை சத்தம் நிற்காது, கடைசிவரை வாசித்து அடித்துக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. அது எனக்குத் தாங்கவில்லை.

அனுப்பிய கடிதத்தில் ஐந்து வாக்கியம். மனப்பாடம்.

‘ஐந்தாம் இலக்க லயத்தின் கடைசிக் காம்பிராவில் வசித்த ராமாயிக்கு ஒரு வீடு தேவை. அந்தக் காம்பிராவில் ஆளில்லை என்று என் அறிக்கையில் எழுதியது நான். நான் அங்கே போய்ப் பார்க்காமல், வேலைப் பதிவை மட்டும் பார்த்து எழுதினேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் அங்கேயே வசித்தார். இதை அயலில் உள்ள பதினொரு குடும்பங்களிடமும் விசாரித்து உறுதிப்படுத்தலாம்.’

லயத்தை லயம் என்றும் காம்பிராவைக் காம்பிரா என்றும் எழுதி நான் அரசாங்கத்துக்கு அனுப்பிய முதல் கடிதம் அதுதான். மிஸ் அதை நிறுத்தாமல் வாசித்தார். முடித்துவிட்டு, “இத வாசிச்சுக் காட்டலாம் சார்” என்றார்.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு சிங்கள உத்தியோகத்தர் அம்மா வந்தார். இருநூற்றுப் பதினான்கு படியும் ஏறி, மண் மூடிய இடத்தைப் பார்த்து, வீடு வீடாக விசாரித்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம், அவர்களுக்குச் சிங்களம் கொஞ்சம். பதினொரு குடும்பமும் ஒரே பெயரைச் சொன்னதாக அறிந்தேன்.

எனக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது, பதவி உயர்வு வரவில்லை. வட்டவளைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். புதிய அலுவலகத்தில் எதிர் மேசை இல்லை. சுவரில் நாள்காட்டி தொங்கியது. அங்கே எழுதிய அறிக்கை எதையும் போய்ப் பார்க்காமல் எழுதவில்லை. முழங்கால் போனது அதனால்தான் என்று டாக்டர் சொல்கிறார், அவருக்கு என்ன தெரியும்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் மிஸ்ஸிடமிருந்து தொலைபேசி வந்தது. நலம்கூட விசாரிக்கவில்லை.

“பன்னெண்டு சார். நானே நின்னு எண்ணிட்டேன்.”

அவரும் ஓய்வு பெற்று இப்போது மன்னாரில் தங்கையோடு இருக்கிறார். கிறிஸ்மஸுக்குப் பேசிக்கொள்கிறோம். இருவருக்கும் காது சரியில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் போவதில்லை. சொல்ல நினைத்திருந்தது அந்த மூன்று நிமிடத்தில் ஒருநாளும் வருவதில்லை.

உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தபோது, அந்த வீடுகளை நான் இன்னும் பார்க்கவில்லையே என்று உறைத்தது. பன்னிரண்டு என்பது நான் கேட்டது, கண்டதல்ல. கேட்டதை வைத்து உங்களுக்கு எழுதக்கூடாது. போன வாரம் மகனிடம் சொல்லாமல் நோர்வூட் பஸ் ஏறிப் போனேன். புதிய வீடுகள் ரோட்டுக்கு மேலே, சரிவு குறைந்த இடத்தில் இரண்டு வரிசையாக இருக்கின்றன. எண்ணினேன். பன்னிரண்டு. கடைசி வீட்டில் பூட்டுத் தொங்கியது. பின்பக்கம் லீக்ஸ் பாத்தி, யாரோ தண்ணீர் ஊற்றிய ஈரம். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பட்டப்பகலில் உள்ளே பல்பு எரிகிறது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். கல்யாணமாகி இரண்டு வருடத்துக்கு முன்புதான் வேறு தோட்டத்திலிருந்து வந்தவராம். ராமாயி பெரியம்மா கொழும்பில் ஒரு வீட்டில் முடியாத அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார், தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார் என்றார். உள்ளே பல்பை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றேன்.

“மறக்கலைங்க. போட்டுட்டுத்தான் போவாங்க. கரண்டு பில்லு ஏறுது பெரியம்மான்னு நாங்களும் சொல்லிப் பாத்தாச்சு.” சிரித்தார். “முன்னாடி யாரோ ஒரு ஐயா இவங்க காம்பிராவ ஆளில்லாத காம்பிரான்னு எழுதிப்புட்டாராம். மறுபடி யாராச்சும் வந்து எழுதிருவாங்கன்னு பயம் அவங்களுக்கு.”

நான் மறுபடி ஜன்னலுக்குள் பார்த்தேன். அவர் பாத்தியில் இரண்டு களையைப் பிடுங்கிப் போட்டார். பிறகு, பெரியம்மா இரவில் போன் எடுப்பார், யார் வந்ததாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

“ஆளில்லைன்னு எழுதின ஐயா வந்தாருன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். “ஒக்காருங்க, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வர்றேன்” என்று உள்ளே போனார். நான் பன்னிரண்டாவது வீட்டின் படியில் உட்கார்ந்தேன். பின்னால் கண்ணாடிக்குள் அந்தப் பல்பு எரிந்துகொண்டிருந்தது.